கத்தரிக்கோல் பட்ட படங்கள்: 1920-களின் பேஸ்பால் ஸ்ட்ரிப் கார்டுகளைச் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் சரமாகத் தொங்கும். கேட்டால் கடைக்காரர் ஒன்றைக் கிழித்துத் தருவார். ஏறக்குறைய அதே மாதிரிதான் 1920-களின் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் விற்றது. நீளமான மெல்லிய அட்டையில் பல படங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். சிறுவன் ஒரு சென்ட்டை நீட்டினால் கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுப்பார். இல்லாவிட்டால் வெட்டாமல் நீளத் துண்டாகவே கொடுத்துவிடுவார், வீட்டுக்குப் போய் அவனே வெட்டிக்கொள்வான். இவைதான் ஸ்ட்ரிப் கார்டுகள்.

பழைய பேஸ்பால் கார்டு என்றதும் பலரும் பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டோடு 1909 முதல் 1911 வரை வந்த டி206 என்ற தொகுப்பில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஆனால் அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரங்களான பேப் ரூத்தும் டை காப்பும் களத்தில் ஆடிக்கொண்டிருந்த நாட்களிலேயே அச்சான ஓர் அட்டையைச் சாதாரணச் சம்பளக்காரர் கையில் பிடிக்க முடியும் என்றால், அதற்கு மிச்சமிருக்கும் நல்ல வழி ஸ்ட்ரிப் கார்டுதான். பல ஆண்டுகளாக இவற்றைச் சேகரிக்கிறேன். நான் போன பாதையை அதே வரிசையில் சொல்கிறேன்.

1. இது என்ன சரக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிகரெட்டோடும் மிட்டாயோடும் வந்த அட்டைகள் இலவச இணைப்புகள். விற்கவேண்டியது சிகரெட், படம் அதற்கான தூண்டில். ஸ்ட்ரிப் கார்டில் படமே சரக்கு. விலையோ ஒரு சென்ட் கணக்கு. அதனால் அச்சிட்டவர்கள் எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்தார்கள். அட்டை மெல்லியது. நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். வரைந்த முகம் சிலசமயம் அந்த ஆட்டக்காரரைப் போலவே இருக்காது. பின்பக்கம் பெரும்பாலும் வெற்று. பல தொகுப்புகளில் வெளியிட்டவர் பெயர்கூடக் கிடையாது.

இவற்றின் பொற்காலம் 1919-இலிருந்து 1931 வரை என்று வைத்துக்கொள்ளலாம். 1933-இல் கவுடி என்ற சூயிங்கம் நிறுவனம் தடித்த அட்டையில், பின்பக்கம் ஆட்டக்காரரைப் பற்றிய குறிப்போடு, பபிள்கம்முடன் கார்டு கொடுத்தபோது காலம் மாறிவிட்டது.

பேஸ்பால் மட்டும் என்று நினைக்கவேண்டாம். குத்துச்சண்டை வீரர்கள், சினிமா நட்சத்திரங்கள், விமானிகள், அமெரிக்க அதிபர்கள் என்று அந்தப் பத்தாண்டின் பிரபலங்கள் பலரும் ஸ்ட்ரிப் கார்டில் வந்தார்கள். இங்கே பேஸ்பாலோடு நிறுத்திக்கொள்கிறேன். பார்க்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

2. எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டபிள்யூ514, டபிள்யூ515, டபிள்யூ516 என்று விற்பவர்கள் எழுதியிருப்பார்கள். அட்டையில் எங்கு தேடினாலும் அந்த எண் இருக்காது. அது ஜெஃபர்சன் பர்டிக் கொடுத்த பெயர்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் பக்கத்துக்காரர், 1900-இல் பிறந்தவர், பெரிய பணக்காரர் அல்ல. யாரும் குப்பை என்று தூக்கிப்போடும் அட்டைகள், விளம்பரச் சீட்டுகள், அஞ்சலட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்தார். சேர்த்ததோடு விடாமல் வகை பிரித்து, பட்டியல் போட்டு, 1939-இல் வெளியிட்டார். பின்னால் அது அமெரிக்கன் கார்டு கேட்டலாக் என்ற பெயரில் விரிந்தது. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு டி, ஆரம்பகால மிட்டாய் அட்டைகளுக்கு இ, ஸ்ட்ரிப் கார்டுகளுக்கு டபிள்யூ. இன்றுவரை உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் பேசும் மொழி இதுதான்.

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தன் சேகரிப்பை அவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முடங்கிக்கொண்டிருந்த நிலையிலும், அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்துபோனார். அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதியை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு டாலர் செலவழிக்கும் முன் சில மாலைப் பொழுதுகளை அங்கே செலவழியுங்கள்.

3. ஒரே ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாத் தொகுப்பையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினால் எதைப் பற்றியும் கண் பழகாது. தொடக்கத்தில் ஒன்று போதும்.

என் தேர்வு டபிள்யூ514. 1919 முதல் 1921 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. 120 அட்டைகள், வண்ண ஓவியங்கள். அகலம் 1⅜ அங்குலம், உயரம் 2½ அங்குலம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். இந்தத் தொகுப்பின் பெருமை அதன் காலத்தில் இருக்கிறது. 1919 உலகத் தொடரில், அதாவது ஆண்டின் சாம்பியனை முடிவுசெய்யும் போட்டியில், சிகாகோ வொயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு சின்சினாட்டி அணியிடம் தோற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1921 ஆகஸ்டில் நீதிமன்றம் விடுவித்தது. மறுநாளே பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் குற்றச்சாட்டில் சிக்கிய எட்டு ஆட்டக்காரர்களுக்கும் ஆயுள் தடை விதித்தார். அந்த எட்டுப் பேரில் ஜோ ஜாக்சன், எடி சிகோட் போன்றவர்கள் டபிள்யூ514-இல் இருக்கிறார்கள். தடை விழுந்த பிறகு அவர்களுக்குப் புது அட்டை போட யாருக்கும் காரணம் இல்லை. ஆகவே ஜாக்சன் ஆடிய காலத்து அட்டை தேடுபவர்கள் எல்லாரும் இங்கே வந்து நிற்கிறார்கள். அந்த ஒரு அட்டை பல ஆயிரம் டாலர்.

1923 வாக்கில் வந்த டபிள்யூ515 சற்றே சிறியது, 60 அட்டைகள். முழுத் தொகுப்பையும் முடிக்கவேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு இது பொருத்தம். டபிள்யூ516-இல் 30 அட்டைகள்தான். ஆனால் அதிலேயே பல வகைகள் உண்டு. டபிள்யூ521 என்பது டபிள்யூ516-இன் அதே ஓவியங்கள் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறியது. வலது கையால் மட்டை பிடிப்பவர் இடது கைக்காரராகத் தெரிவார்.

ஓவியம் பிடிக்காது, புகைப்படம்தான் வேண்டும் என்றால் 1931-இன் டபிள்யூ517. 54 அட்டைகள், ஏறக்குறைய 3-க்கு 4 அங்குலம். ஸ்ட்ரிப் கார்டுகளில் இது பெரிய உருவம். பேப் ரூத் இரண்டு முறை வருகிறார், இன்னொரு நட்சத்திரமான லூ கெரிக்கும் உண்டு. மிட்டாய் அட்டைகளின் அதே புகைப்படங்களை வெற்றுப் பின்பக்கத்தோடு அச்சிட்ட டபிள்யூ573, டபிள்யூ575 போன்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றைப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே தலைவலி.

4. முதலில் ஒரு பெயர் தெரியாத ஆட்டக்காரரை வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். முதல் அட்டையாகப் பேப் ரூத்தை வாங்காதீர்கள். தேர்ந்தெடுத்த தொகுப்பில் யாரும் சீந்தாத ஓர் ஆட்டக்காரரை, நம்பகமான விற்பனையாளரிடம், சில பத்து டாலருக்குள் வாங்குங்கள். மூலை மடிந்திருந்தாலும் கறை இருந்தாலும் பரவாயில்லை. தரச்சான்று நிறுவனங்கள் பிளாஸ்டிக் உறையில் மூடாத அட்டையாக இருக்கவேண்டும்.

அதை நான் அளவுகோல் அட்டை என்பேன். விரல் நுனியில் பிடித்து அதன் தடிமனை உணருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பளபளப்பு எவ்வளவு இருக்கிறது? பின்பக்கத்தின் நிறம் என்ன? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாக எழுத்தின் ஓரங்களைப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், பழைய நூலகப் புத்தகத்தின் வாசனைதான் வரவேண்டும். இனிமேல் அந்தத் தொகுப்பில் வாங்கும் ஒவ்வொரு அட்டையையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கப்போகிறீர்கள். யாரும் போலி செய்யமாட்டார்கள் என்பதுதான் பெயர் தெரியாத ஆட்டக்காரரின் பெரிய பலம்.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு பேப் ரூத் அட்டையை இணையத்தில் பார்த்து, அன்றிரவே வாங்கினேன். ஓரமெல்லாம் தேய்ந்து, தேநீர் நிறத்தில், நூறு வயது ஆன மாதிரியே இருந்தது. ஆறு மாதம் கழித்து அதே தொகுப்பில் ஒரு சாதாரண அட்டை கைக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ரூத் அட்டை இரண்டு மடங்கு தடிமன். கறை மடிப்புகளில்கூட ஒரே சீராகப் பரவியிருந்தது, தேநீரில் முக்கி எடுத்திருக்கிறார்கள். வரிசையை மாற்றி வாங்கியிருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும்.

5. போலியைக் கண்டுபிடிப்பது

மெல்லிய அட்டை, வெற்றுப் பின்பக்கம், கையால் வெட்டிய ஓரம். போலி செய்பவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? அதனால் ஸ்ட்ரிப் கார்டில் போலிகள் நிறைய.

லென்ஸைக் கையில் எடுங்கள். படத்தைவிட எழுத்துகளை முதலில் பாருங்கள். அசலில் பெயரும் எண்ணும் ஒரே மையில் நிரம்பிய திடமான கோடுகளாக இருக்கும். ஸ்கேன் செய்து திரும்ப அச்சிட்டதில் எழுத்துகூடப் பல நிறப் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும். படத்தில் புள்ளி இருந்தாலே போலி என்று முடிவுகட்டவேண்டாம். டபிள்யூ517 போன்ற புகைப்படத் தொகுப்புகளில் அசலிலேயே படம் புள்ளிகளால்தான் அச்சாகியிருக்கும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. சிறிய டார்ச் வடிவில் மலிவாகக் கிடைக்கிறது. தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்விப்பான்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாயின. இருட்டறையில் விளக்கைக் காட்டியதும் அட்டை நீலவெள்ளையாக மின்னினால், அது 1920-களின் தாள் அல்ல. ஆனால் மின்னவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது. பழைய புத்தகங்களின் வெற்றுத் தாளைக் கிழித்து அதில் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சோதனை போலியை வெளியேற்ற மட்டுமே உதவும், அசலுக்குச் சான்று தராது.

அப்புறம் பழமையின் தர்க்கத்தைப் பாருங்கள். உண்மையான தேய்மானம் மூலையிலும் ஓரத்திலும் அதிகமாக, நடுவில் குறைவாக இருக்கும். நான்கு மூலையும் ஒரே அளவு உருண்டிருந்தால், யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். விற்பவர் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். ரூத், காப், ஜாக்சன் என்று நட்சத்திரங்களாகவே அடுக்கியிருந்து, ஒரு சாதாரண ஆட்டக்காரர்கூட இல்லை என்றால் நகர்ந்துவிடுங்கள். வீட்டுப் பரணிலிருந்து எடுத்த உண்மையான சேகரிப்பில் பெயர் தெரியாதவர்கள்தான் கூட்டமாக இருப்பார்கள்.

6. வெட்டை வாசிப்பது

ஸ்ட்ரிப் கார்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மற்ற அட்டைகளை இயந்திரம் வெட்டியது. இவற்றை மனிதர்கள் வெட்டினார்கள். பெரும்பாலும் குழந்தைகள். ஒரு பக்கம் கோணலாகப் போயிருக்கும். ஒன்றில் பக்கத்துப் படத்தின் ஓரம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஒன்றில் ஆட்டக்காரரின் ஷூ நுனி போயிருக்கும்.

விலை இங்கேதான் தீர்மானமாகிறது. படத்தைச் சுற்றியுள்ள கட்டக்கோடோ புள்ளிக்கோடோ நான்கு பக்கமும் முழுதாகத் தெரிந்தால் நல்ல வெட்டு. கோட்டுக்கு உள்ளே கத்தரி போயிருந்தால் விலை சட்டென்று இறங்கும். என்னைப்போல் படத்துக்காக வாங்குபவருக்கு அது வாய்ப்பு.

எச்சரிக்கையாக இருக்கவேண்டியது புது வெட்டில். நூறு வருடத்துக் கோணலைச் சரிசெய்து அதிக விலைக்கு விற்க, இன்றைக்கு யாராவது பிளேடு போட்டிருப்பார்கள். வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள். பழைய வெட்டாக இருந்தால் அந்த முகமும் அட்டையின் மற்ற பகுதியைப் போலவே பழுப்பேறி, நார் மழுங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் வெளிறித் தூய்மையாக இருந்தால் அது அண்மையில் பட்ட பிளேடு. கோணலான அட்டை கைக்கு வந்தால் நீங்களும் நேராக்க முயலவேண்டாம்.

வெட்டாத துண்டு கிடைத்தால்? இரண்டு மூன்று படங்கள் சேர்ந்திருந்தாலும் அது அரிய பொருள். அப்படியே வைத்திருங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் அச்சானது என்பதற்கு அதுவே நேரடி ஆதாரம்.

7. அணியை வைத்துக் காலத்தைக் கணியுங்கள்

பல அட்டைகளில் ஆண்டு இருக்காது. ஆனால் அணியின் பெயர் இருக்கும். ரூத் நியூயார்க் யாங்கீஸ் என்று இருந்தால் அட்டை 1920-க்கு முந்தியதாக இருக்கமுடியாது, ஏனென்றால் பாஸ்டனிலிருந்து அவர் விற்கப்பட்ட செய்தியே அந்த ஜனவரியில்தான் வெளிவந்தது. டை காப் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தால் 1927 அல்லது அதற்குப் பிறகு. அதுவரை அவர் டெட்ராய்ட்காரர். ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி இந்தக் கணக்குக்கென்றே பிறந்தவர் மாதிரி: 1926 வரை செயின்ட் லூயிஸ், 1927-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ், 1928-இல் பாஸ்டன், 1929 முதல் சிகாகோ கப்ஸ்.

இந்தக் கணக்கு ஒரு திசையில்தான் உறுதி. புதிய அணி இருந்தால் அட்டை அதற்கு முந்தியதல்ல என்று சத்தியம் செய்யலாம். பழைய அணி இருந்தால் எதுவும் சொல்லமுடியாது. ஸ்ட்ரிப் கார்டு வெளியிட்டவர்கள் பழைய ஓவியத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டவர்கள், அணி மாறியதைத் திருத்தப் பலசமயம் அக்கறைப்படவில்லை.

8. தரச்சான்றும் விலையும்

1991-இல் தொடங்கிய பிஎஸ்ஏ, 1998-இல் தொடங்கிய எஸ்ஜிசி போன்ற நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. வெட்டு மோசமான ஸ்ட்ரிப் கார்டுக்கு எண் கிடைக்காது; அசல் என்ற சான்று மட்டும் கிடைக்கும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்ட்ரிப் கார்டில் அந்த ஒரு சொல்தான் நாம் வாங்கும் பொருள்.

என் வழக்கம் இது: சாதாரண ஆட்டக்காரரை உறையில்லாமல் வாங்குவேன், நட்சத்திரத்தை உறையோடு மட்டும்தான். உறையே போலியாக இருக்கலாம் என்பதால், அதிலிருக்கும் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கவேண்டும். மலிவான அட்டையைச் சோதனைக்கு அனுப்பினால் கட்டணமே அட்டை விலையை எட்டிவிடும், வீண்.

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்த்து மிரளவேண்டாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதுதான் சந்தை. ஹெரிட்டேஜ், ராபர்ட் எட்வர்ட் போன்ற ஏல நிறுவனங்களில் நல்ல அட்டைகள் வரும். அங்கே நீங்கள் கேட்ட தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணமாக 20 சதவீதம் வாக்கில் சேரும். அதையும் கூட்டிக்கொண்டுதான் கையைத் தூக்கவேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் நேஷனல் ஸ்போர்ட்ஸ் கலெக்டர்ஸ் கன்வென்ஷன் என்ற சேகரிப்பாளர் கண்காட்சி ஓர் அருமையான வாய்ப்பு. அளவுகோல் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கேட்டால் நேர்மையான வியாபாரி யாரும் மறுத்ததில்லை.

9. பாதுகாப்பு

இன்றைய கார்டு 2½-க்கு 3½ அங்குலம். அந்த உறையில் ஸ்ட்ரிப் கார்டைப் போட்டால் உள்ளே ஆடி ஆடி மூலை நசுங்கும். புகையிலை அட்டைக்கென்று சிறிய அளவில் மெல்லிய உறை விற்கிறார்கள், டபிள்யூ514 அதில் அழகாக உட்காரும். அதன்மேல் விறைப்பான உறை ஒன்று. பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம், நாளடைவில் அது கசிந்து அட்டையைக் கெடுக்கும். வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அதை அவ்வப்போது மாற்றவேண்டும்.

ஆல்பத்தில் ஒட்டியிருந்த பசையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது புகையிலை அட்டைக்காரர்களிடம் பழக்கம். ஸ்ட்ரிப் கார்டில் நான் அதைச் செய்வதில்லை. தாள் மெல்லியது, மை மலிவானது, நிறம் கரைந்து ஓடினால் திரும்ப வராது.

பின்பக்கத்தில் பென்சில் எழுத்து இருக்கலாம். வெற்று இடம் கண்டால் எந்தக் குழந்தை சும்மா விடும்? என்னிடம் உள்ள ஓர் அட்டையின் பின்னால் கூட்டல் கணக்கு ஒன்று இருக்கிறது, விடை தப்பு. இன்னொன்றில் ஒரு சிறுவன் தன் பெயரை எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறான். விலை குறையும் என்பார்கள், குறையத்தான் செய்கிறது. அதற்காக அழிப்பானை எடுக்காதீர்கள். எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைத் தனித் தாளில் எழுதி உறைக்குப் பின்னால் செருகிவையுங்கள். அட்டையில் எழுதும் உரிமை அந்தச் சிறுவனோடு முடிந்தது.